ரண வைத்தியர் பெர்ஸிவால் பாட்

மனிதர்களை வருத்தும் வியாதிகளுக்கு விதியைக் காரணம் காட்டிவிட்டு ஓய்ந்திருப்பது எல்லாத் தேசங்களிலும் நெடுங்காலமாக இருந்துவந்த வழக்கம். ஏழைகளுக்கு வரும் வியாதியாயின் அதற்கு இன்னொரு காரணமும் எளிதில் கிடைத்துவிடும். அவர்களுடைய ஒழுக்கக் குறைவே நோய்க்கு மூலம் என்று சொல்லிவிட்டால் கேட்பவர்களின் மனச்சாட்சிக்குத் தொந்தரவு இல்லை. சர்க்காருக்கும் செலவு இல்லை. இவ்விரண்டு சமாதானங்களையும் ஒதுக்கித் தள்ளி, ஒரு தொழிலும் அத்தொழிலினால் உடம்பில் படியும் புகைக்கரியுமே ஒரு கொடிய புற்றுநோய்க்குக் காரணம் என்று 1775-ம் வருஷத்தில் எடுத்துக் காட்டியவர், லண்டன் நகரத்து ரண வைத்தியரான பெர்ஸிவால் பாட். புகைக்கும் புற்றுநோய்க்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றி இன்று நடைபெறும் ஆராய்ச்சிகளுக்கெல்லாம் அவரைப் பிதாமகர் என்று கூறுவது மிகையாகாது. அவருடைய சரித்திரத்தையும், அவர் கண்ட உண்மை அமலுக்கு வருவதற்குச் சரியாக ஒரு நூற்றாண்டு பிடித்த கதையையும் பொது வாழ்வில் ஈடுபட்டோர் யாவரும் அறிந்திருத்தல் அவசியம் என்று கருதுகிறோம்.

பாட் 1714-ம் வருஷம் ஜனவரி மாதம் 6-ந் தேதி லண்டனில் பிறந்தார். அவருடைய தந்தையார் பத்திரங்கள் எழுதிக் கொடுத்து ஜீவனம் செய்தவர். பிள்ளைக்கு மூன்று வயதாகும்போதே அவர் காலஞ்சென்றுவிட, விதவைத் தாயாரின் பராமரிப்பில் குழந்தை வளரலாயிற்று. பின்னர் ராச்செஸ்டர் நகரத்துப் பிஷப்பாக விளங்கிய உறவினர் ஒருவர் அக்குடும்பத்திற்கு ஆதரவளித்தார். பையனையும் மத குருவாக்க வேண்டுமென்பது பெரியவர்களின் எண்ணம். பையனோ ரண வைத்தியத்தைத் தவிர வேறொன்றையும் நாடவில்லை. 1729-ல் செயிண்ட் பர்த்தலோமியு ஆஸ்பத்திரியைச் சேர்ந்த எட்வர்ட் நூர்ஸ் என்ற வைத்தியரிடம் 7 வருஷத்திற்குச் சிஷ்யராகச் சேர்ந்தார். குருவின் சரீர சாஸ்திரப் பிரசங்கங்களுக்காகப் பிரேதங்களை அறுத்துத் தயார் செய்து வைப்பது அவருடைய வேலை. பிற்காலத்தில் அவர் கையில் காணப்பட்ட நிதானத்திற்கும், கண்ணில் காணப்பட்ட கூர்மைக்கும் அங்கேயே அஸ்திவாரம் போடப்பட்டது.

அக்காலத்தில் ரண வைத்தியர்களுக்குச் சமூகத்தில் இருந்த மதிப்பு சொற்பமே. லண்டனில் அவர்களும் நாவிதர்களும் ஒரே சங்கத்தைச் சேர்ந்தவர்கள். 1745-ல்தான் அச்சங்கம் இரண்டாகப் பிரிந்தது. மயக்க மருந்து அறியப்படாத காலம் அது. நோயாளியைச் சிலர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவன் அலற அலற வைத்தியர் அறுப்பார். பழுக்கக் காய்ச்சிய இரும்பினால் ரணத்தைச் சுடுவதும், சதையை அரிக்கும் காரங்களை அப்புவதும் சாதாரண சிகிச்சை முறைகளாக இருந்தன. பாட் இவற்றை வெறுத்தார். அவசியமற்ற வேதனையை உண்டாக்குவது வைத்தியமாகாது என்ற கொள்கையைத் தமது வார்டுகளில் அனுஷ்டித்து, மாணவர்களுக்கும் போதித்து வந்தார். ரண வைத்தியத்தில் பெரும் புகழ் பெற்ற ஜான் ஹண்டரும் அவரிடம் பாடம் கேட்டவரே. 1749-ல் தாம் பயின்ற ஆஸ்பத்திரியிலேயே பூரண ரண வைத்தியராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பாட், 1787 வரையில் அப்பதவியை வகித்தார். 1764-ல் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார். 1765-ல் ரண வைத்தியர் சங்கத்தின் தலைமைப் பதவியும் அவரை வந்தடைந்தது.

அவருடைய சுபாவத்தை விளக்கும் சம்பவம் ஒன்று 1756-ல் நிகழ்ந்தது. ஓல்டு கெண்ட் ரோடு என்ற சாலையில் குதிரை மீது சென்றுகொண்டிருந்தவர் கீழே விழுந்தார். காலெலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஓடி வந்தவர்கள் அவரை ஒரு வண்டியில் தூக்கிப் போட முயன்றனர். வண்டியின் குலுக்கலில் எலும்பு மேலும் சிதைந்துவிடும் என்பதை அறிந்த பாட், தம்மை ஒருவரும் தொடக் கூடாது என்று தடுத்துவிட்டார். குளிர்ந்த தெருவிலேயே படுத்துக்கொண்டு, பல்லக்குத் தூக்கும் ஆட்கள் இருவரைக் கழிகளுடன் வரச் சொல்லி ஆளனுப்பினார். அவர்கள் வருவதற்குள் ஒரு கதவை விலைக்கு வாங்கச் செய்து, அக்கதவில் கழிகளை ஆணியடித்துப் பொருத்தச் சொல்லி, அதன் மீது தம்மைக் கிடத்தி, லண்டன் பாலத்தின் வழியாக வீட்டுக்குச் சுமந்து போகச் செய்தார். வீட்டில் கூடிய வைத்தியர்கள் காலைத் துண்டிப்பதென்று முடிவு செய்து ஆயுதங்களையும் எடுத்துவிட்டார்கள். அந்தத் தறுவாயில் வந்து சேர்ந்த பழைய குரு நூர்ஸ், காலைக் காப்பாற்ற வழியுண்டு என்று கூற, கால் பிழைத்தது. படுத்த படுக்கையாகக் கிடந்த அந்த நாட்களில்தான் பாட் நூல்கள் எழுதத் தலைப்பட்டார். குடலிறக்கம், எலும்பு முறிவு, தலைக் காயங்கள் முதலியவற்றைப் பற்றி அவர் எழுதியவை ஐரோப்பாவெங்கும் பரவின. முதுகெலும்பு வளைந்து கால்கள் செயலற்றுப் போகும் வியாதியைப் பற்றி 1779-ல் அவர் எழுதினார். அது க்ஷயரோகத்தின் ஒரு ரூபம் என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. இன்றும் உலகத்து வைத்திய மாணவர்கள் அதைப் பாட் வியாதி என்றே படிக்கிறார்கள்.

ஆயினும் இப்பெரிய நூல்களைக் காட்டிலும் சில பக்கங்களே கொண்ட ஒரு சிறு கட்டுரைதான் அவர் பெயரை அழியாமல் நிறுத்தியிருக்கிறது. அதன் பெருமையை உணர வேண்டுமானால் அக்காலத்து லண்டன் எவ்வாறு இருந்தது என்பதை முதலில் அறிய வேண்டும்.

குளிர் மிகுந்த அந்நகரத்தில் விறகின் இடத்தை நிலக்கரி பிடித்துக்கொண்டு வெகுகாலமாகியிருந்தது. நிலக்கரிப் புகை லண்டனின் மீது கவிந்து ஜனங்களின் சுவாசப் பைகளைக் கெடுக்கிறதென்று ஜான் ஈவ்லின் என்பவர் 1661-லேயே ஒரு நூல் எழுதி இரண்டாம் சார்லஸ் மன்னருக்குச் சமர்ப்பித்திருந்தார். மன்னர் காலத்தில் ஒன்றும் நடைபெறவில்லை. அடுப்புகள் பெருகின, அவற்றுடன் புகைபோக்கிகளும் பெருகின. நிலக்கரி நன்றாக எரிவதற்குக் குறுகிய புகைபோக்கிகள் தேவைப்பட்டன. 14 அங்குலத்துக்கு 9 அங்குலம் என்ற அளவில், வளைந்தும் நெளிந்தும் செல்லும் அப்புகைபோக்கிகளில் கரி அடைத்துக்கொண்டால் வீடு தீப்பற்றும். நீளமான துடைப்பம் அவ்வளைவுகளில் செல்லாது. செல்லக்கூடியது ஒன்றே ஒன்று. அது சிறு குழந்தையின் உடல்.

ஆகவே குழந்தைகள் ஏற்றப்பட்டார்கள். அநாதைகளை வைத்துச் சோறு போடும் செலவு தீர்ந்தால் போதும் என்று ஊர்ச் சபைகள் அவர்களை எஜமானர்களிடம் ஒப்படைத்தன. வறுமையால் வாடிய பெற்றோர் சொற்பப் பணத்துக்காகத் தங்கள் பிள்ளைகளையே விட்டுக்கொடுத்தனர். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளும் இவ்வேலையில் இருந்தார்கள். முழங்கையாலும் முழங்காலாலும் உந்தி உந்தி ஏற வேண்டியிருந்தபடியால், அங்கே தோல் கெட்டியாவதற்காக நெருப்பருகே நிறுத்தி உப்பு நீரைத் தேய்ப்பது வழக்கம். உடை சிக்கிக்கொள்ளுமென்று பலரும் நிர்வாணமாகவே ஏறினார்கள். பகலில் வாரிய கரியை மூட்டை கட்டி, இரவில் அம்மூட்டைகளின் மீதே படுத்து உறங்கினார்கள். அக்கரியை எஜமானன் விவசாயிகளுக்கு எருவாக விற்றுப் பணமாக்கினான். பையனின் உடம்பில் ஒட்டிய கரி மட்டும் விலை போகாமல் அவனுடனேயே தங்கிவிட்டது. குளிப்பு என்பது அவர்கள் வாழ்வில் அபூர்வமான சம்பவம்.

இப்பையன்கள் வளர்ந்து வாலிபர்களாகும்போது அவர்களில் சிலருக்கு விரைப்பையில் ஒரு புண் தோன்றும். முதலில் கிழிந்த ஓரங்களுடன் சிறியதாகத் தோன்றும் அப்புண், பின்னர் விரையைப் பற்றி, அதன் பிறகு வயிற்றுக்குள் ஏறிப் பெரும் வேதனையுடன் ஆளைக் கொன்றுவிடும். அது தோன்றிய இடத்தைக் கண்ட வைத்தியர்கள், கெட்ட நடத்தையால் வந்த மேக வியாதி என்று தீர்மானித்து ரச மருந்துகளைக் கொடுத்தார்கள். நோய் தணியவில்லை, ரசத்தின் விஷத்தால் நோயாளியின் துன்பம் இரட்டித்தது. இறந்த பிறகும் அவன் பெயரில் ஒரு களங்கம் நின்றது.

பர்த்தலோமியு ஆஸ்பத்திரியில் இந்நோயாளிகள் பாட்டின் முன் வந்தார்கள். அவர் அவர்களுடைய புண்ணைப் பார்த்தார். அவர்கள் செய்த தொழிலையும் விசாரித்தார். மற்றவர்களுக்குத் தோன்றாத இவ்விரண்டாவது விசாரணையிலேயே அவருடைய மேதை விளங்குகிறது. இந்த விசேஷமான புண் புகைபோக்கி சுத்தம் செய்தவர்களையே வந்து பீடிப்பதை அவர் கவனித்தார். விரைப்பையின் சுருக்கங்களில் ஆண்டுக்கணக்காகத் தங்கிய புகைக்கரியே காரணம் என்றும், இது மேக வியாதியல்ல என்றும் 1775-ல் வெளியிட்ட நூலில் பகிரங்கப்படுத்தினார். சிறு பிராயத்தில் பசியாலும் குளிராலும் வாட்டப்பட்டு, சூடு ஆறாத புகைபோக்கிகளில் திணிக்கப்பட்டு, காயமும் தீப்புண்ணும் மூச்சுத் திணறலும் அனுபவித்த பிள்ளைகளை, பருவம் வந்தவுடன் இக்கொடிய நோய் வந்து பற்றுகிறதே என்று அவர் இரங்கி எழுதிய பகுதி, வைத்திய நூல்களில் அபூர்வமாகவே காணப்படும் மனித உருக்கம் வாய்ந்தது.

பாட்டின் கண்டுபிடிப்புக்கு எல்லையும் உண்டு. கரியில் உள்ள விஷம் யாது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ரசாயன சாஸ்திரமும் அன்று இல்லை. அவர் கூறிய பரிகாரமோ கத்தி ஒன்றே. புண் விரையைப் பற்றுவதற்கு முன் அறுத்தெடுத்தால் பிழைக்கலாம். தாமதித்தால் பிழைப்பில்லை என்றார். பையனைப் புகைபோக்கியில் ஏற்றாமலிருப்பதே முதற் சிகிச்சை என்னும் காரியம் வைத்தியரின் மேஜையில் முடிவதன்று. அது பார்லிமெண்டில் முடிய வேண்டிய காரியம்.

பார்லிமெண்டுக்கு அதைக் கொண்டு செல்ல உழைத்தவர் ஜோனாஸ் ஹான்வே என்ற பரோபகாரி. இப்பையன்களின் நிலையைக் குறித்து 1773-லேயே நூல் வெளியிட்ட அவர், 1786-ல் காலமானார். 1788-ல் சட்டம் வந்தது. 8 வயதுக்குக் குறைந்த பிள்ளையை இத்தொழிலில் சேர்க்கக் கூடாதென்று அது விதித்தது. ஆனால் எஜமானர்கள் லைசென்சு பெற வேண்டுமென்ற ஷரத்தைப் பிரபுக்கள் சபை நீக்கிவிட்டது. வயதை யார் பார்ப்பது, தவறியவனை யார் பிடிப்பது என்பதற்கு ஏற்பாடில்லாத சட்டம் காகிதத்திலேயே தங்கியது. அதே 1788-ம் வருஷத்தில்தான், இந்தியாவில் செய்த அக்கிரமங்களுக்காக வாரன் ஹேஸ்டிங்ஸின் மீது அதே பிரபுக்கள் சபையில் விசாரணை தொடங்கியது. 1795-ல் அவர் விடுதலை செய்யப்பட்டார். கடலுக்கு அப்பாலிருந்து வந்த முறையீட்டுக்கும், தங்கள் வீட்டுச் சுவருக்குள்ளிருந்து வந்த முனகலுக்கும் அச்சபை ஏறக்குறைய ஒரே செவியைத்தான் கொடுத்தது. ஆளும் வகுப்பாரின் நீதி அயல்நாட்டு அடிமைக்குக் கிட்டாதது போலவே சொந்த நாட்டு ஏழைக்கும் கிட்டவில்லை என்பதை நாம் மறக்கலாகாது.

அந்த வருஷ முடிவில் பாட் மறைந்தார். லண்டனிலிருந்து தொலைவிலிருந்த ஒரு நோயாளியைக் கடும் குளிரில் பார்த்துவரச் சென்றவருக்கு ஜலதோஷம் கண்டு, நுரையீரல் சுரமாக முற்றி, 1788-ம் வருஷம் டிசம்பர் 22-ந் தேதி உயிர் பிரிந்தது. வயது 74.

அவர் மறைந்த பிறகு நடந்தது நமது கவனத்துக்கு இன்னும் உரியது. 1803-லேயே புகைபோக்கியைச் சுத்தம் செய்யும் இயந்திரத் துடைப்பம் ஒன்று தோன்றிவிட்டது. ஆகவே பையன் இல்லாவிட்டால் வேலை நடவாது என்ற வாதம் அப்போதே செத்துவிட்டது. எனினும் துடைப்பம் செல்வதற்காக மாளிகைகளின் புகைபோக்கிகளை மாற்றிக் கட்டும் செலவைப் பிரபுக்கள் விரும்பவில்லை. 1818-லும் 1819-லும் கொண்டுவந்த மசோதாக்கள் அவர்கள் சபையில் தோற்றன. 1834-ல் ஒரு சட்டம் வந்தது. 1840-ல் வந்த சட்டம் 21 வயதுக்கு உட்பட்ட எவரும் ஏறக் கூடாதென்றது. 1864-ல் தண்டனைகள் அதிகமாக்கப்பட்டன. பையன்களோ ஏறிக்கொண்டே இருந்தார்கள். 1875-ல் கேம்பிரிட்ஜ் அருகே ஃபுல்போர்ன் மனநோய் ஆஸ்பத்திரியின் புகைபோக்கியில் ஜார்ஜ் புரூஸ்டர் என்ற சிறுவன் சிக்கிக்கொண்டான். சுவரை இடித்து எடுத்தும் அவன் பிழைக்கவில்லை. எஜமானன் சிறை சென்றான். இத்துறையில் நெடுநாள் போராடிய ஷாஃப்ட்ஸ்பரி பிரபு அதே வருஷத்தில் புதிய சட்டத்தை நிறைவேற்றுவித்தார். எஜமானர்கள் வருஷந்தோறும் லைசென்சு பெற வேண்டும். அதைப் போலீசார் கண்காணிக்க வேண்டும். 1788-ல் வெட்டி எறியப்பட்ட ஷரத்து 87 வருஷம் கழித்து உயிர் பெற்றது. பையன்கள் ஏறுவது நின்றது. பாட் உண்மையை வெளியிட்ட நாளிலிருந்து கணக்கிட்டால் சரியாக நூறு வருஷம்.

இந்நோய் தவிர்க்கக்கூடியதே என்பதற்கு வேறொரு சான்றும் கிடைத்தது. ஐரோப்பாக் கண்டத்தில் இதே தொழிலைச் செய்பவர்களுக்கு இந்நோய் ஏன் அபூர்வமாக இருக்கிறது என்பதை ஆராய்ந்த ஹென்றி பட்லின் என்ற ரண வைத்தியர், 1892-ல் தமது முடிவுகளை வெளியிட்டார். அங்கே உடம்பை இறுக மூடும் உடை உண்டு. தினந்தோறும் குளிக்கும் பழக்கம் உண்டு. உடுப்பும் தண்ணீரும் தடுத்திருக்கக்கூடிய மரணத்துக்காகவே இத்தனை வாலிபர்கள் கத்திக்கு இரையானார்கள்.

கரியின் விஷம் யாதென்ற கேள்விக்கு விடை தேட சாஸ்திரிகள் பின்னர் முன்வந்தார்கள். 1915-ல் யமகிவா, இச்சிகாவா என்ற இரு ஜப்பானியர், முயல்களின் காதில் நிலக்கரித் தாரை மாதக்கணக்காகப் பொறுமையுடன் தடவிப் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டினார்கள். 1933-ல் லண்டன் கான்சர் ஆஸ்பத்திரியில் கென்னவேயின் தலைமையில் உழைத்த கோஷ்டியார், இரண்டு டன் தாரிலிருந்து பென்ஸோபைரீன் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். நிலக்கரி, விறகு, எண்ணெய், புகையிலை முதலியவை அரைகுறையாக எரியும்போதெல்லாம் இது பிறக்கிறது. பாட்டின் நோயாளிகளுடைய தோலில் படிந்த அதே விஷம் நகரத்துக் காற்றிலும், சுருட்டின் புகையிலும், விறகடுப்பு எரியும் நமது கிராமத்துச் சமையலறைகளிலும் இருக்கிறது.

காற்றைப் பற்றிய பாடத்தை லண்டன் மீண்டும் ஒருமுறை உயிர்களைக் கொடுத்தே கற்றது. 1952-ம் வருஷம் டிசம்பர் 5-ந் தேதி முதல் 9-ந் தேதி வரையில் நிலக்கரிப் புகையும் மூடுபனியும் கலந்து நகரத்தை மூடின. மாண்டவர்கள் சுமார் 4,000 பேர் என்று முதலில் கணக்கிடப்பட்டது; பிற்கால ஆராய்ச்சிகள் 12,000 வரையில் இருக்கலாமென்றன. தொடர்ந்து வந்த வாரங்களின் மரணங்களுக்கு விஷ சுரமே காரணம் என்று சர்க்கார் சமாதானம் கூறியது. மேக வியாதி என்று அன்று கூறியதற்கும் இதற்கும் வித்தியாசம் அதிகமில்லை. எனினும் 1956-ல் சுத்தக் காற்றுச் சட்டம் வந்தது. 2013-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம், வெளிக் காற்றின் மாசே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று தீர்ப்பளித்தது. அதே வருஷத்தில் தென்கிழக்கு லண்டனில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி ஆஸ்த்மா இழுப்பினால் இறந்தாள். மோட்டார் வண்டிகளின் புகையால் கெட்ட காற்றும் அம்மரணத்துக்குக் காரணமென்று 2020-ல் மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார். அந்நாட்டில் அவ்வாறு பதிவானது அதுவே முதல் தடவை. அந்த வார்த்தை பதிவாவதற்குத் தாய் 7 வருஷம் போராட வேண்டியிருந்தது.

புகையினால் வரும் நோய்க்கு ஒரு குணம் உண்டு. அது உடனே கொல்வதில்லை. பல வருஷம் கழித்து நோய் வெளிப்படும்போது எஜமானனும் மாறியிருப்பான், தொழிலும் மாறியிருக்கும், குற்றவாளியைச் சுட்டிக் காட்ட ஒருவரும் இருக்கமாட்டார். அதனால் லாபம் ஒருவனிடமும் மரணம் இன்னொருவனிடமும் போய்ச் சேருகின்றன. இந்த மோசத்தை உடைக்க வல்லது பாட் கேட்ட கேள்வி: இவன் என்ன தொழில் செய்தான், எந்தக் காற்றைச் சுவாசித்தான் என்பது. அக்கேள்வியை ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் கேட்டுக் குறித்து வைக்க வேண்டும். அக்குறிப்பைச் சட்டமாக்குவது பிரதிநிதிகளின் கடன். ஆனால் கண்காணிக்க ஆளும், தவறினால் தண்டனையும் இல்லாத சட்டத்தைக் கண்டு திருப்தியடைந்து வீடு திரும்பும் தொண்டர்கள், 1788-ம் வருஷத்திலேயே நின்றுவிடுகிறார்கள். 1875 வரையில் நடக்கும் திராணி நமது தொண்டர்களுக்கு வேண்டும். பாட் கண்ட உண்மை நூறு வருஷம் காத்திருந்தது; குழந்தைகளுடைய நுரையீரல் அவ்வளவு காலம் காத்திராது.